கேள்வி பதில்: கணினித் திரையில் காணாமல் போகும் அம்பு

மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பெரிய மானிட்டர் வாங்கியதிலிருந்து மவுஸ் அம்பைத் தேடியே கண் வலிக்குதுங்க. எக்ஸெல்லில் இன்னும் மோசம். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், ஈரோடு

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, மவுஸ் பாயின்டர் அண்ட் டச் என்று போங்கள். சைஸ் 1 முதல் 15 வரை இருக்கிறது. 3 அல்லது 4 போதும். அதற்கு மேல் போனால் எண்களையே அம்பு மறைக்கும். அங்கேயே உள்ள நான்கு ஸ்டைல்களில் கடைசி கஸ்டம். அதில் பச்சையோ ஆரஞ்சோ எடுங்கள். மஞ்சள் வேண்டாம், வெள்ளைத் தாளில் எடுபடாது.

எக்ஸெல்லில் வரும் தடித்த வெள்ளைக் கூட்டல் குறி அந்த மென்பொருளின் சொந்தச் சரக்கு. விண்டோஸில் நிறம் மாற்றினாலும் அது வெள்ளையாகவேதான் நிற்கும். அதற்கு வேறு வழி: கன்ட்ரோல் பேனலில் மவுஸைத் திறந்து, பாயின்டர் ஆப்ஷன்ஸ் தாவலில் கடைசியாக உள்ள கட்டத்தில் டிக் போடுங்கள். பிறகு கன்ட்ரோல் கீயை ஒருமுறை தட்டிவிட்டால் போதும், அம்பு இருக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் ஒன்று சுருங்கிக் காட்டும்.

பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை. பையருக்கு நீளமான மெயில் அடிக்கும்போது எழுத்துக்கு நடுவில் நிற்கும் கோடு கண்ணில் படுவதில்லை. சாம்பல் நிறப் பின்னணியில் மவுஸும் மறைகிறது. மவுஸ் பழுதா?
– ஒரு வாசகி, திருப்பூர்

மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது. இவை இரண்டு வேறு கோளாறுகள்.

எழுத்தின் மேல் போனால் அம்பு 'ஐ' வடிவக் கம்பியாக மாறும். விண்டோஸ் வழக்கமாகத் தரும் கம்பிக்குச் சொந்த நிறம் கிடையாது; அடியில் உள்ள நிறத்தைத் தலைகீழாக்கிக் காட்டும். வெள்ளையில் கறுப்பு, கறுப்பில் வெள்ளை. கறுப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில் நடுச் சாம்பலின் அளவு 128 என்றால் தலைகீழ் 127. வித்தியாசம் ஒன்றே ஒன்று, எந்தக் கண்ணுக்குத் தெரியும்? மேலே சொன்ன கஸ்டம் நிறத்தைப் போட்டால் கம்பிக்கும் அதே நிறம் வந்துவிடும், சிக்கல் தீர்ந்தது.

தட்டச்சுக் கோட்டுக்கு: அக்சஸிபிலிட்டியில் டெக்ஸ்ட் கர்சர். தடிமன் 1 முதல் 20 வரை. 4 வைத்துப் பாருங்கள். கூட்டினால் பக்கத்து எழுத்தின் மேல் ஏறும், ஒற்றைக்கொம்பும் காலும் நெருங்கி நிற்கும் தமிழில் இது தொல்லை. சில மென்பொருள்கள் இந்தத் தடிமனைக் கண்டுகொள்ளாமல் தங்கள் கோட்டையே வரையும். அதே பக்கத்தில் இண்டிகேட்டரை ஆன் செய்தால் கோட்டின் மேலும் கீழும் நிறக் குமிழ் வரும். மினுக்கல் எரிச்சலாக இருந்தால் கன்ட்ரோல் பேனலில் வியூ பை என்பதை லார்ஜ் ஐகான்ஸ் ஆக்கி, கீபோர்டைத் திறந்து, பிளிங்க் ரேட்டை இடது கோடியில் உள்ள 'None' என்ற இடத்துக்குத் தள்ளுங்கள். கோடு ஆடாமல் நிற்கும்.

பையன் நெட்டில் எடுத்த கர்சரைப் போட்டான். ஒரு பட்டனை அழுத்தினால் பக்கத்துப் பட்டன் அழுந்துகிறது. கொஞ்ச நாளில் பழைய அம்பே வந்துவிட்டது. ஏனுங்க?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

கர்சர் கோப்புக்குள் கிளிக் படும் இடமாக ஒரு புள்ளி குறிக்கப்பட்டிருக்கும். அதுதான் ஹாட்ஸ்பாட். அம்பின் நுனியில் இருக்க வேண்டியது, படத்தை அவசரமாக மாற்றியவர்களிடம் நடுவிலோ மூலையிலோ போய்விடும். கர்சர் எடிட்டரில் திறந்து நுனிக்கு நகர்த்தலாம், அல்லது வேறு கர்சர் எடுக்கலாம்.

பழையது திரும்பியதற்குக் காரணம் பெரும்பாலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைச் சுத்தம் செய்ததுதான். கோப்பு போனால் அம்பும் போகும். கர்சர்களை அழிக்காத ஒரு ஃபோல்டரில் வைத்து, கன்ட்ரோல் பேனலில் மவுஸைத் திறந்து, பாயின்டர்ஸ் தாவலில் பிரவுஸ் மூலம் சேர்த்து, சேவ் ஆஸ் கொடுத்துப் பெயர் வையுங்கள். தீம் மாற்றும்போது பறிபோகாமலிருக்க, அதே தாவலின் அடியில் தீம்களுக்கு அனுமதி தரும் டிக்கை எடுத்துவிடுங்கள். கோப்பின் பெயர் .cur அல்லது .ani என்று முடிய வேண்டும். கர்சர் என்று சொல்லி, திறந்தால் நிரலாக ஓடும் இஎக்ஸ்இ (.exe) கோப்பு தரும் தளத்தை அப்படியே மூடச் சொல்லுங்கள்.