அமெரிக்காவில் வாய்ப்பாட்டுப் பட்டம்: செலவுக்கு என்ன வழி?

மகள் வாய்ப்பாட்டை மேஜராக எடுக்கப் போகிறாள். ஸ்காலர்ஷிப்புக்குத் தனி விண்ணப்பம் உண்டா?

பல இசைப் பள்ளிகளில் ஆடிஷன்தான் விண்ணப்பம். அன்று அவள் பாடுகிற சில நிமிடங்களை வைத்தே இடம் தருவதா, எவ்வளவு பணம் தருவதா என்று இரண்டையும் முடிவு செய்வார்கள். சோப்ரானோக்கள் (உச்சக் குரல் பாடகிகள்) குவிவார்கள், டெனர் (உயர்ந்த ஆண்குரல்) கிடைப்பது அரிது, அதனால் மகள் சோப்ரானோ என்றால் பட்டியலில் இன்னும் இரண்டு கல்லூரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா (FAFSA) படிவத்தையும் விட்டுவிடாதீர்கள். அதன் வழியாக, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் பெல் கிராண்ட் திருப்பிக் கட்ட வேண்டாத பணம், 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர்.

கட்டணமே வாங்காத இடம் இருக்கிறதா?

இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவின் கர்டிஸ் இசைக் கல்லூரி 1928 முதல் டியூஷன் வாங்குவதில்லை. ஆனால் சேர்ப்பது விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

நிதியுதவிக் கடிதம் வந்திருக்கிறது, எதைப் பார்ப்பது?

பென்சில் எடுத்து லோன் என்று இருக்கும் வரிகளை முதலில் அடியுங்கள். கிராண்டுக்குக் கீழேயே அதையும் உதவி மாதிரி எழுதியிருப்பார்கள், கூட்டிப் பார்த்து ஏமாந்த பெற்றோர் நிறைய. அப்புறம் கடிதத்தில் வராததை ஓரத்தில் எழுதுங்கள்: தனிப்பாடக் கட்டணம், பியானோ வாசிப்பவருக்குக் கொடுப்பது, கோடைப் பயிற்சி முகாம். ஸ்காலர்ஷிப் நான்கு வருடமும் தொடருமா, மேஜரை மாற்றினால் போய்விடுமா, கோயரில் பாடியே ஆக வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொரு கல்லூரி அதிகம் தந்திருந்தால் அந்தக் கடிதத்தை இணைத்து, பல கல்லூரிகளில் சேர்வதை உறுதிசெய்யக் கடைசி நாளான மே 1க்கு முன்பே, மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறிக்க மாட்டார்கள், கூட்டித் தந்ததும் உண்டு.

மீதிக்குக் கடன் வாங்கலாமா?

முதல் வருடம் மாணவர் பெயரில் ஃபெடரல் கடன் பொதுவாக 5,500 டாலர் வரைதான். அதோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் நல்லது. குரல் முழுதாகப் பழுக்க இருபதுகளின் பின்பாதி ஆகிவிடும், மாஸ்டர்ஸும் பெரும்பாலும் தேவைப்படும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு முதுகலைக்கான ஃபெடரல் கிராட் பிளஸ் கடன் கிடையாது, பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸும் ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலரோடு சரி. இளங்கலையிலேயே கழுத்து வரை கடன் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

நான் எஃப்-1 மாணவர் விசாவில் வருகிறேன். சர்ச் கோயரில் பாடிச் சம்பாதிக்கலாமா?

மற்ற மாணவர்களுக்கு அது நல்ல வருமானம், ஆனால் தனி அனுமதி இல்லாமல் நீங்கள் வளாகத்துக்கு வெளியே சம்பளத்துக்குப் பாடக்கூடாது. ஃபாஃப்ஸா உதவியும் உங்களுக்கு இல்லை. ஆடிஷன் ஸ்காலர்ஷிப் பல இடங்களில் உண்டு, வகுப்பு நடக்கும் மாதங்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலையும் செய்யலாம்.