வயசான ராக் பேண்டுங்க மறுபடி ஒண்ணு சேரணுமா?

எழுபது வயசுல பழைய ராக் பேண்டு திரும்ப சேர்றது காசுக்குத்தானே, எதுக்கு இருக்கிற பேரைக் கெடுத்துக்கணும்னு கேட்டிருக்கீங்க. தாராளமா சேரலாங்க, ஆனா வயசை மறைக்காம சேரணும்.

லெட் ஜெப்லின்ங்கிற பிரிட்டிஷ் ராக் பேண்டு 2007 டிசம்பர்ல லண்டன்ல மறுபடி சேர்ந்து ஒரே ஒரு ராத்திரி வாசிச்சாங்க, டிரம்மர் ஜான் பான்ஹாம் 1980லயே போயிட்டாரு, அவரு இடத்துல மகன் ஜேசன் உக்காந்தாரு, பாடகர் ராபர்ட் பிளாண்ட் குரலுக்குத் தோதா சில பாட்டோட சுருதியையும் இறக்கிக்கிட்டாங்க, இதுல என்னங்க கேவலம்? எங்க காரைக்குடிப் பக்கம் திருவிழா கச்சேரியில வயசான பாடகருக்கு மேல் ஸ்தாயி எட்டலன்னா கீபோர்டுக்காரரு பக்கம் திரும்பி விரலைக் கீழ காட்டுவாரு, அடுத்த பாட்டு அரைக்கட்டை இறங்கிரும், அதுக்காக முன்னாடி உக்காந்திருக்கிற ஆச்சிங்க யாரும் எந்திரிச்சுப் போறதில்ல.

ஜெனிசிஸ் பேண்டோட 2021-22 டூர்ல பில் காலின்ஸ் நாற்காலியில உக்காந்தேதான் பாடினாரு, டிரம்ஸ் வாசிச்சது அவரு மகன் நிக். ஒரு காலத்துல டிரம்ஸ்ல அந்த அடி அடிச்ச மனுஷன், கை ஒத்துழைக்கலன்னு தெரிஞ்சும் ஊர் பாக்க வந்து உக்காந்தாரே, எனக்கு அது ரொம்பப் பெருசு.

காசு விஷயம் பெரிய தப்பில்ல, உழைச்சவங்க வாங்கிட்டுப் போகட்டும். எனக்கு ஒட்டாதது ஆபாங்கிற ஸ்வீடன் நாட்டு நாலு பேர் பாப் குழு 2022ல லண்டன்ல ஆரம்பிச்ச ஷோதான், இளமையில இருந்த மாதிரியே டிஜிட்டல் உருவம் மேடையில ஆடுது, பக்கத்துல வாசிக்கிறவங்க மட்டும் நெஜம். நரைச்ச தலையோட அந்த நாலு பேரே வந்து ரெண்டு பாட்டு பாடியிருந்தாக்கூட எனக்குப் போதும்.