மாங்கூழ் ஆலையா, புளியா: எதில் பணம் போடலாம்?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறோம். உறுப்பினர்களிடம் மா, தக்காளி, கேழ்வரகு, புளி எல்லாம் உண்டு. திட்ட அறிக்கை எழுதித் தருபவர் மாங்கூழ் ஆலைதான் என்கிறார். சரிதானா?

பதில்: மாவட்டத்தில் மா அதிகம், கூழுக்கு வெளிநாட்டில் கிராக்கி உண்டு, எனவே ஆலை. அறிக்கையின் வாதம் இவ்வளவுதான் இருக்கும். அரசுத் திட்டங்களும் பெரும்பாலும் இப்படித்தான் பரப்பையும் ஏற்றுமதியையும் பார்த்துப் பயிரைப் பிடிக்கின்றன. நான் வேறு இரண்டைப் பார்ப்பேன். விவசாயியின் காசு எந்த இடத்தில் கைமாறிப் போகிறது? அந்த இடத்தில் நுழைய உங்கள் முதல் போதுமா?

கேழ்வரகுக்கு 2025-26இல் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கொள்முதல் நிலையம் நேரத்துக்குத் திறக்க வேண்டும் என்று மனு கொடுங்கள். அதற்குக் கடன் வேண்டாம்.

தக்காளி 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியது. ஓரிரு மாதத்தில் பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை. மலிந்தபோது வாங்கி விழுது அரைக்கலாமே என்று தோன்றும். ஆனால் நம் சந்தைக்கு வருவது லாரிப் பயணம் தாங்கும் ஒட்டுரகம். நீர்ச்சத்து அதிகம், வற்றவைக்கும் செலவே லாபத்தைத் தின்றுவிடும். விலை ஏறிய மாதங்களில் ஆலைக்குப் பழமும் வராது.

சரி, மாங்கூழ். ஆலை ஓடுவது வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான். ஆயிரம் டன் பெங்களூரா ரக மாம்பழம் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 10 ரூபாய் என்றாலும் பழத்துக்கு மட்டும் ஒரு கோடி, அதுவும் சீசன் முடிவதற்குள். கூழ் விற்றுப் பணம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். மத்திய அரசின் வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை கிடைக்கும். அது கட்டடம், இயந்திரத்துக்கு, பழம் வாங்க அல்ல. பக்கத்துச் சித்தூரில் 2025இல் என்ன நடந்தது? கூழ் தேங்கி ஆலைகள் பழம் வாங்கத் தயங்கின. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்து, அதில் 4 ரூபாயைத் தானே கொடுக்க வேண்டியதாயிற்று. அனுபவமுள்ள ஆலைகளுக்கே அந்த நிலை.

மிஞ்சுவது புளி. அறிக்கைகளில் அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் வரும். காய் முற்றும் முன்பே விவசாயிகள் மரத்தை வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். அப்போதே விலை முடிந்துவிடுகிறது. உலுக்கி, காயவைத்து, ஓடு உடைத்து, நாரும் கொட்டையும் எடுப்பது கிலோ கணக்கில் கூலி வாங்கும் பெண்கள். வெளியில் வைத்தால் புளி கறுத்து விலை இறங்கும். அதனால் குளிர்பதனக் கிடங்கில் இடம் வைத்திருப்பவர் வரத்துக் காலத்தில் வாங்கிப் பின்னால் விற்கிறார். கொட்டைக்கும் விலை உண்டு, மாவாக்கி நெசவுக்குக் கஞ்சி போடப் பயன்படுகிறது. காசு நிற்கும் இடங்கள் இரண்டு: முன்பணம், கிடங்கு. வியாபாரிக்குப் பதில் நீங்களே முன்பணம் கொடுத்து, கிடங்கில் இடம் பிடித்தால் இரண்டையும் ஆலை கட்டாமலே தொடலாம்.

ஆனால் கணக்குப் பார்க்காமல் இறங்காதீர்கள். கடந்த நான்கைந்து வருடத்தில் மார்ச் மாதப் புளி விலை என்ன, அக்டோபரில் என்ன என்று சந்தையில் எழுதி வாங்குங்கள். கொட்டைப்புளிக்கும் கொட்டை எடுத்ததற்கும் தனித்தனியாக. அந்த வித்தியாசத்தில் கிடங்கு வாடகை, வட்டி, எடைக்குறைவு, உடைப்புக் கூலி நான்கையும் கழித்து மீதி வந்தால் மட்டும் சரக்கைப் பிடியுங்கள். ஏதாவது ஒரு வருடம் மீதியே வராமல் போயிருக்கலாம். அந்த நஷ்டத்தை நிறுவனம் தாங்குமா என்றும் பாருங்கள். அப்புறம் உறுப்பினர்களில் எத்தனை பேருக்குப் புளியமரம் உண்டு? பத்தில் இரண்டு பேருக்குத்தான் என்றால் பொதுக்குழுவில் தகராறு நிச்சயம். அப்படியானால் உடைப்பு வேலையை மரமில்லாத வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்து, கூலியை முன்கூட்டியே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

முதல் வருடம் வாடகைக் கிடங்கே போதும். குத்தகை பேசும் நேரத்துக்கு முன்பு முன்பணம் கையில் இருக்க வேண்டும். வங்கியில் அதற்கான பேச்சை இப்போதே தொடங்குங்கள்.