மூன்றாவது துளையில் என்ன இருக்கிறது? கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

மும்பை லேமிங்டன் ரோட்டில் ஒரு மாடிக்கடையில் உட்கார்ந்து 2003 முதல் மற்றவர்களின் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்த்து வருகிறேன். மூடியைக் கழற்றியதும் முதலில் தெரிவது அது இருந்த வீடுதான். கடலுக்குப் பக்கத்து வீடென்றால் திருகாணியில் துரு, மெயின் ரோட்டை ஒட்டிய வீடென்றால் ஃபேனில் கரித்தூசி, சமையலறை ஓரமாக மேஜை போட்டவர் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு. அதனால்தான் கேள்வி அனுப்பும்போது மாடல் நம்பரோடு வீடு எங்கே, எந்த மாடி என்றும் எழுதச் சொல்லியிருந்தேன். பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

கேள்வி: அண்ணா, பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வீடியோவும் எடிட் செய்கிறேன். கையில் 35,000 ரூபாய் இருக்கிறது. புதிது வாங்கவா, செகண்ட் ஹேண்ட் வாங்கவா? (மாணவி, தாராவி 90 அடி சாலை)

இந்தப் பணத்துக்குப் புதிது வாங்கினால் வெளியே பளபளப்பாகவும் உள்ளே சுமாராகவும்தான் கிடைக்கும், தங்கச்சி. ஏதாவது ஆபீஸ் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்த பிசினஸ் லேப்டாப்பைத் தேடுங்கள். கீல் உறுதியாக இருக்கும், கீபோர்டு தாங்கும், பெரும்பாலும் ராம் சேர்க்க இடமும் இருக்கும். இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். அதற்குக் கீழே விண்டோஸ் 11 முறையாக ஏறாது. எடிட்டிங்குக்கு 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதில் வரும் வேகமான சேமிப்பு) இருந்தால் போதும்.

கடையில் அவசரப்படாதீர்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓடவிடுங்கள். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். புதிதில் எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண்ணும் அதில் இருக்கும். இப்போதைய எண் பழையதில் பாதிதான் என்றால் பேட்டரி செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போக முடிகிறதா, பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முக்கியமானது: கடைக்காரரையே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் மொபைல் இன்டர்நெட்டில் இணையுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் ஈமெயிலைக் கேட்டால் பூட்டு இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. வாங்காமல் எழுந்துவிடுங்கள். “ஏக்தம் (முழுக்க) ஒரிஜினல்” என்று யாராவது சொன்னால், அதை சீரியல் நம்பரோடு பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

கேள்வி: சார்ஜ் ஆகும்போது லேப்டாப்பின் மெட்டல் பாகத்தைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் மதர்போர்டு மாற்ற வேண்டும், 18,000 ரூபாய் என்கிறார்கள். உண்மையா சார்? (ஆன்டாப் ஹில்)

மதர்போர்டில் யாரும் கை வைக்க வேண்டாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே இடத்தைப் புறங்கையால் மெல்லத் தடவிப் பாருங்கள். எறும்பு நின்றுவிட்டதா? அப்படியானால் சார்ஜரையும் சுவரில் உள்ள பிளக் பாயிண்டையும்தான் பார்க்க வேண்டும்.

சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். ஒரு கால் 230 வோல்ட் பக்கம், இன்னொரு கால் லேப்டாப் பக்கம். அதன் வழியாக ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான கரண்ட் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவு இறங்கிப் போகத்தான் மூன்று பின் சார்ஜரில் எர்த் பின். இரண்டு பின் சார்ஜரென்றால் அந்த வழியே கிடையாது. மூன்று பின் இருந்தும் சுவருக்குள் எர்த் வயர் இழுக்கவில்லை என்றாலும் அதே கதைதான். கசிந்தது லேப்டாப்பின் மெட்டலிலேயே நிற்கும், நீங்கள் தொட்டதும் உங்கள் வழியாக இறங்கப் பார்க்கும். மழைக்காலத்தில் ஈரத்தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து வேலை செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

சால் எனப்படும் பழைய வரிசை வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். துளை மட்டும் அழகாக இருக்கும். ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து, கட்டிடத்தின் எர்த்திலிருந்து தனி வயர் வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இழுக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். சிலர் வேலை சுலபமாக முடிய நியூட்ரலையும் எர்த்தையும் பிளக் பாயிண்டுக்குள்ளேயே ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுவார்கள். என் பழைய வீட்டில் ஒருவர் அப்படித்தான் செய்துவிட்டுக் காசு வாங்கிப் போனார். பிறகு என்றாவது நியூட்ரல் வயர் அறுந்தால் உங்கள் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சிபியு எல்லாவற்றின் மெட்டலிலும் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். எறும்பே தேவலாம்.

எறும்பு ஊராமல் கையை உதறித் தள்ளுகிற அளவுக்கு அடித்தால் சார்ஜரோ வயரிங்கோ பழுது. உடனே நிறுத்துங்கள். மாற்றும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிட்ட மூன்று பின் சார்ஜராக வாங்குங்கள்.

கேள்வி: லேப்டாப்பை நாள் முழுக்கச் சார்ஜரிலேயே வைக்கலாமா? (முலுண்ட்)

வைக்கலாம். 80 சதவீதத்தில் சார்ஜிங்கை நிறுத்தும் வசதி இப்போது பல லேப்டாப்களில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். பேட்டரியைக் கெடுப்பது சூடு, அதனால் மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். டச்பேட் மேலே எழும்பி வந்தாலோ மூடி சரியாகப் பொருந்தாமல் போனாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றே அணைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். குத்துவது, அழுத்துவது எதுவும் வேண்டாம்.

கேள்வி: லேப்டாப்பில் கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) கொட்டிவிட்டது. அரிசிக்குள் வைத்தேன். (தாதர்)

அரிசியை இனி பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, திறந்த கூடாரம் மாதிரிக் கவிழ்த்து வைக்க வேண்டும். சாயில் இருக்கிற சர்க்கரையும் பாலும் காய்ந்தாலும் போர்டை அரிக்கும். “ஆன் ஆகிறதா பார்ப்போம்” என்கிற ஆசைதான் ஆபத்து. ஆன் செய்யாமல் கொண்டுவாருங்கள், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவிப் பார்க்கலாம்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகை, பேனர் டிசைன் செய்கிறேன். ஸ்கிரீனில் மின்னுகிற கலர் பிரிண்டில் செத்துப் போகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகுமா? (மாட்டுங்கா)

ஆகாது. கிராபிக்ஸ் கார்டு வேகத்தைத் தரும், நிறத்தைத் திருத்தாது. நீங்கள் எழுதிய லேப்டாப் மாடலில் பேனல் 45 சதவீத என்டிஎஸ்சி (நிற எல்லையை அளக்கும் ஒரு அளவுகோல்). எஸ்ஆர்ஜிபி என்கிற அடிப்படை நிற எல்லையில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அது முழுதாகக் காட்டாது. கார்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம் என்று போட்ட 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றை வாங்கி, டிசைனை அதில் செய்யுங்கள்.

வாங்கியதும் அதன் வெளிச்சத்தைக் குறையுங்கள். கடையில் கண்ணைப் பறிப்பதற்காக 300 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வரை ஏற்றி வைத்திருப்பார்கள். அச்சு வேலைக்கு 100, 120 போதும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை டியூப்லைட்டில் பிடித்துப் பாருங்கள், திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிய வேண்டும். திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள். அது போட்டிருப்பது தெரியாமல் ஒரு சீசன் முழுக்க மஞ்சளைக் குறைத்துக் குறைத்து டிசைன் செய்தவர் என்னிடம் வந்திருக்கிறார்.

அதன் பிறகும் சில நிறங்கள் வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, பிரஸ் நான்கு மையால் காட்டுகிறது. பளிச்சென்ற கிளிப்பச்சையும் மின்னல் நீலமும் அந்த நான்கு மைக்கு எட்டாதவை. முதலிலேயே நான்கு மையில் எப்படி வரும் என்று காட்டும் சிஎம்ஒய்கே புரூஃப் பார்வையைப் போட்டுவிட்டு வேலை செய்தால் பெண் வீட்டாரிடம் திட்டு வாங்குவது குறையும்.

இவரே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: தமிழ் எழுத்து உடைந்து, “கொ” என்று அடித்தால் கொம்பு தவறான பக்கம் போய் நிற்கிறதாம். ஃபாண்டை மாற்றிப் பயனில்லை. யூனிகோடில் முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி என்று உச்சரிப்பு வரிசையில்தான் சேமிப்பார்கள். கொம்பை முன்னால் இழுத்து வைப்பது மென்பொருளின் வேலை. ஃபோட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் அதற்கு ‘வேர்ல்ட் ரெடி’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரஸ்ஸுக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக (வெறும் வடிவமாக) மாற்றிவிடுங்கள். திருத்துவதற்கு மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பாட்டுச் சொல்லித் தருகிறேன். சுருதிப் பெட்டி சத்தம் மாணவிகளுக்கு விட்டு விட்டுக் கேட்கிறது. வீட்டுக்குப் பின்னால் லோக்கல் ரயில் வேறு. எந்த மைக் வாங்கலாம்? (பாட்டு டீச்சர், செம்பூர்)

மைக் வாங்கும் முன் செட்டிங்கைப் பாருங்கள், அம்மா. ஒரே சீராக ஒலிப்பது எதுவானாலும் அது ஃபேன் சத்தம், ஏசி சத்தம் என்று நினைத்து இந்த மீட்டிங் ஆப்கள் அழித்துவிடும். உங்கள் சுருதி அதற்கு ஏசி மாதிரித்தான் கேட்கிறது. ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒன்று உண்டு, அதைப் போட்டால் சுருதி நிற்கும். ஆனால் ரயிலும் உள்ளே வரும். அதற்குத்தான் மைக்.

எல்லோரும் கண்டென்சர் மைக் வாங்கச் சொல்வார்கள். அது நல்ல மைக்தான், ஆனால் அறை முழுவதையும் கேட்கும். உங்கள் வீட்டுக்கு யுஎஸ்பி டைனமிக் மைக் பொருத்தம். வாயிலிருந்து நான்கைந்து விரல் தூரத்தில் வைத்துப் பாடினால் ரயில் பின்னுக்குப் போய்விடும். வகுப்பில் ப்ளூடூத் ஹெட்செட் வேண்டாம். அதன் மைக்கை இயக்கினால் பாட்டின் தரம் போன் அளவுக்கு இறங்கிவிடும், தாளமும் பிந்தும். ரெக்கார்டிங்கில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வந்து, சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறது என்றால், மேலே ஆன்டாப் ஹில்காரருக்குச் சொன்ன மூன்றாவது துளையை உங்கள் வீட்டிலும் பாருங்கள்.

கேள்வி: 2015இல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 10. தூக்கிப் போடவா? (டோம்பிவிலி)

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதில் பேங்க் வேலை செய்யாதீர்கள். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றுங்கள். அப்பா செய்தி படிக்க, பிள்ளை வீட்டுப்பாடம் அடிக்க இன்னும் சில வருடம் ஓடும்.

கேள்வி: இங்க் டேங்க் பிரிண்டர். ஜூலை வந்தால் தாள் சிக்குகிறது, மற்ற மாதங்களில் மை அடைக்கிறது. (நெருல்)

தாள் ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடுகிறது. ட்ரேயில் பத்துத் தாள் மட்டும் வைத்துவிட்டு மீதியை இறுக்கமான பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் அணைக்கும் விதம். சுவர் சுவிட்சில் நேராக அணைத்தால் மை தெளிக்கும் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காராமல் திறந்தபடி காயும். பிரிண்டரின் பட்டனில் அணைத்து, சத்தம் அடங்கிய பிறகு சுவிட்ச். வாரம் ஒரு கலர் பக்கம் அடியுங்கள். ஹெட் கிளீனிங்கை ஓயாமல் ஓட்டினால் மை வீணாகி, கழிவு மைப் பஞ்சும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

கேள்வி: கல்யாண போட்டோகிராபர். 6 டிபி படங்கள் நான்கு ஹார்ட் டிஸ்கில். எல்லாம் வீட்டிலேயே, மேஜைக்கு அடியில். எஸ்எஸ்டிக்கு மாற்றலாமா? (குர்லா, தரைத்தளம்)

குர்லா, தரைத்தளம், மேஜைக்கு அடியில். இந்த மூன்றையும் ஒரே வரியில் படித்ததும் எனக்கு 2005 ஜூலை 26 ஞாபகம் வந்துவிட்டது. அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை, குர்லா மாதிரித் தாழ்வான இடங்களில் வெள்ளம். அடுத்த இரண்டு வாரமும் எங்கள் கடை வாசலில் சேற்றோடு சிபியுக்கள் வரிசையாக நின்றன. காயவைத்து ஆன் செய்து பார்த்துவிட்டுக் கொண்டுவந்தவர்களின் டிஸ்குகளைத்தான் எங்களால் பெரும்பாலும் காப்பாற்ற முடியவில்லை. நனைந்த டிஸ்குக்கு மின்சாரமே காட்டக் கூடாது.

எஸ்எஸ்டி, எடிட் செய்யும் படங்களுக்கு. வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் பரணில் கிடக்கப் போகிற படங்களுக்கு ஹார்ட் டிஸ்கே மேல், ஏனென்றால் மின்சாரமே காட்டாமல் விட்ட எஸ்எஸ்டி மெல்ல மறக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு கல்யாணமும் மூன்று இடத்தில் இருக்கட்டும். ஒன்று வேலை செய்யும் மெஷினில், ஒன்று டிஸ்கில், மூன்றாவது வேறு வீட்டில். மழை மாதங்களில் டிஸ்கையும் லென்ஸையும் இறுக்கமான டப்பாவில், நிறம் மாறும் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். காற்றோட்டமில்லாத ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும்.

அக்கா வீடு கல்யாணில் நான்காவது மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் ஒருமுறை போகும்போது புதிய டிஸ்கை அங்கே வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வாருங்கள். லோக்கலில் பையை மேலே ராக்கில் வைக்காதீர்கள். மடியிலேயே இருக்கட்டும்.