வயல் வட்டம் வட்டமாகக் கருகுது, பல்கலைக்கழகம் பக்கத்தில் இருந்தும் பயனில்லை என்று கேட்ட அண்ணைக்கு

வணக்கம் அண்ணை. பரந்தன் வயலில் நெல் வட்டம் வட்டமாகக் காய்கிறது, கடைக்காரர் தந்த மருந்து இரண்டு தரம் அடித்தும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது அனேகமாக அறக்கொட்டியான், நெல் தண்டில் சாறு உறிஞ்சும் கபில நிறத் தத்திப் பூச்சி. மத்தியானம் இறங்கி, பயிரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைப் பாருங்கள், கபில நிறத்தில் சின்னப் பூச்சிகள் அப்பிக்கொண்டு இருந்தால் சந்தேகமே இல்லை. யூரியாவை நிறுத்துங்கள், வரம்பை வெட்டித் தண்ணீரை சில நாளுக்கு வடிய விடுங்கள். கண்ட மருந்தையும் மேலால் அடித்தால் அந்தப் பூச்சியைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் சாகும், எங்கள் வயலில் அப்படித்தான் ஒரு போகமே போனது.

பல்கலைக்கழகம் ஏன் வரவில்லை என்ற உங்கள் கோபம் நியாயம்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே செய்யும் ஆய்வு பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரையாகவே முடிகிறது, அது தமிழில் ஒரு பக்கமாகவாவது கமநல சேவை நிலையச் சுவருக்கு வர வேண்டும். அதுவரை நாங்கள்தான் போகவேண்டும். வேரோடு நாலு பயிர் பிடுங்கி, போட்ட பசளை, மருந்துக் கணக்கையும் எழுதிக்கொண்டு போங்கள். இறுதியாண்டுப் பிள்ளைகள் ஆய்வுக்கு வயல் தேடுவார்கள், உங்கள் வயலில் ஒரு துண்டு தருவதாகச் சொல்லிப் பாருங்கள். அவசரம் என்றால் முதலில் 1920க்கு அடியுங்கள், அது விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம், தமிழிலேயே கேட்கலாம்.