புட்டுக்குப் பயந்த தங்கைக்கு

கேள்வி: உவர்மலையில் இருக்கிறேன். வயது 31. இது இரண்டாவது பிள்ளை, இப்போது 29 கிழமை. கிளினிக்கில் குளூக்கோஸ் கரைத்துக் குடிக்கத் தந்து இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சீனி கூட என்று சொல்லிவிட்டார்கள். மருந்து எதுவும் இன்னும் இல்லை, சாப்பாட்டால் கட்டுப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். மாமியோ, "ரெண்டு பேருக்குச் சாப்பிட வேண்டிய நேரத்தில வயித்தைக் கட்டினால் பிள்ளை பசியோட பிறக்கும், பிறகு ஆயுசுக்கும் சாப்பாட்டுக்கு ஆலாய்ப் பறக்கும்" என்கிறா. பக்கத்து வீட்டு அக்கா, சீனி வருத்தக்காரியின் பிள்ளைக்கு நாக்கு இனிப்பிலேயே நிற்கும் என்கிறா. எனக்குப் புட்டைக் கண்டாலே பயம். இரண்டு கிழமையாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். மூத்தவளுக்கு நான்கு வயது. பிஸ்கற்றைத் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டாள். அதுவும் என்னால்தானா? ஆடிப்பிறப்பு வேறு வருகிறது, கூழ் குடிக்கலாமா?
ஒரு வாசகி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, முதலில் இன்றைக்கு இரவு சாப்பிடுங்கள். மிச்சத்தை நாளைக்கு வாசிக்கலாம்.

இரவில் விட்டால் காலையில் எண் குறையும் என்பதுதானே உங்கள் கணக்கு? நானும் அந்தக் கணக்குப் போட்டவள்தான். என் இரண்டாவது பிள்ளைக்கும் இதே கதை. கிளினிக்குக்கு முதல் நாள் பின்னேரம் நாலு மணியோடு வாயைக் கட்டினேன். விடியப்புறம் போய் வரிசையில் நின்றபோது கை நடுங்கி, கண் இருட்டி, வாங்கில் இருந்த யாரோ ஒரு அம்மாவின் மடியில் சரிந்துவிட்டேன். எண் நல்லாகத்தான் வந்தது. ஆனால் சிறுநீரில் கீட்டோன் என்று எழுதிவிட்டார்கள். "இது உங்கட சீனியைக் காட்டேல்லை, உங்கட பட்டினியைக் காட்டுது" என்றா அங்கிருந்த மிஸ்ஸி. உடம்புக்கு மாச்சத்துக் கிடைக்காதபோது அது கொழுப்பை உருக்கும். அப்போது வருவதுதான் கீட்டோன். பிள்ளைக்கு அது நல்லதல்ல. போதாக்குறைக்கு, நீண்ட பட்டினி கிடந்தால் சிலருக்கு ஈரல் தன் கையிருப்பிலிருந்து குளூக்கோஸை இறக்கிவிடும், காலை எண் ஏறியே வரும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 175 கிராம் மாச்சத்தாவது வேண்டும், சீனி இருந்தாலும்தான். அதை ஒரே நேரத்தில் கொட்டாமல் மூன்று சாப்பாட்டுக்கும் இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டிக்கும் பிரிப்பதுதான் கட்டுப்பாடு.

மாமி சொன்னதில் பாதி பிழை, பாதியை யோசிக்க வேண்டும். உங்கள் இரத்தத்திலுள்ள குளூக்கோஸ் நச்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். உங்கள் இன்சுலின் போகாது. ஆகவே உங்களில் சீனி ஏறும்போதெல்லாம் பிள்ளையின் சின்னக் கணையம் தானே இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. மிஞ்சுகிற சீனி கொழுப்பாகிறது, பிள்ளை பருக்கிறது. பசியோடு பிறக்கும் என்பது இங்கே பொருந்தாது, அளவுக்கு மிஞ்சி ஊட்டப்பட்டுப் பிறக்கும் என்பதுதான் பயம். தொப்புள்கொடியை வெட்டியதும் சீனி வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் கொஞ்ச நேரத்துக்குப் பழைய வேகத்திலேயே சுரக்கும். அதனால்தான் இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குக் குதிக்காலில் குத்தி அடிக்கடி சீனி பார்க்கிறார்கள். குத்தும்போது அழாதீர்கள். அழுவதற்குப் பிள்ளை இருக்கிறது.

நீங்கள் கேட்ட சாப்பாட்டுப் பழக்கம் உண்மையில் இந்த முதல் மணித்தியாலங்களிலேயே தொடங்குகிறது. தாய்க்கு இன்சுலின் தேவைப்பட்ட பிள்ளைகள் சிலது முதல் சில நாள் மந்தமாகத்தான் உறிஞ்சும். நாலு இழுவை இழுத்துவிட்டு முலையிலேயே தூங்கிப்போகும். சாப்பாட்டாலேயே சீனியை அடக்கியவர்களின் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகள் மாதிரியே குடித்ததாக 2006 இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சாப்பாட்டுக் கோப்பையில் நீங்கள் செய்யும் மாற்றம் பிள்ளையின் வாய்க்குப் போய்ச் சேர்வது இப்படி. நாளைக்கு உங்களுக்கே இன்சுலின் தேவைப்பட்டாலும் குற்றவுணர்வு வேண்டாம். மந்தமான பிள்ளை சில நாளில் தேறிவிடும், நீங்கள் எழுப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறந்தவுடன் பிள்ளையை நெஞ்சோடு வெறும் மேனியாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் பால், பிறகு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால். தூங்கினால் உள்ளங்காலைத் தடவி எழுப்புங்கள். சீனி உள்ள தாய்மாரில் பால் கட்டுவது ஒரு நாள் பிந்தலாம். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் யாராவது "உனக்குப் பால் இல்லை" என்பார்கள். காதில் போடாதீர்கள். சீம்பால் துளித்துளியாக வந்தாலே முதல் நாளுக்குப் பெரும் காசு. பிள்ளையின் சீனி இறங்கினால் டொக்டர்மார் வேறு வழி சொல்லலாம், அது அவர்கள் வேலை. ஆனால் தேன் தொட்டு நாக்கில் வைப்பது, சீனித்தண்ணி பருக்குவது எதற்கும் விடாதீர்கள். ஒரு வயது வரை தேன் ஆகவே ஆகாது. 36 கிழமைக்குப் பிறகு சீம்பாலைக் கையால் எடுத்துச் சேர்த்து வைக்கும் முறையும் இருக்கிறது. வேறு சிக்கல் இல்லாத சீனித் தாய்மாரில் அது பாதுகாப்பானது என்று ஆஸ்திரேலியாவில் செய்து 2017 இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்களுக்கு ஆகுமா என்று கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இனி அந்த அக்காவின் "இனிப்பு நாக்கு". பிள்ளை வயிற்றுக்குள் பனிக்குட நீரைக் குடிக்கிறது. கடைசி மாதங்களில் நாளுக்கு அரை லீற்றருக்கும் மேல் குடிக்கும். நீங்கள் சாப்பிடுவதன் வாசம் அந்த நீரில் இறங்குகிறது. ஜூலி மென்னெல்லா என்ற அமெரிக்க ஆய்வாளர் பிலடெல்பியாவில் கர்ப்பிணிகளுக்குக் கரட் சாறு கொடுத்தார், கிழமைக்கு 4 நாள், 3 கிழமை. 2001 இல் முடிவு வந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பிறகு கரட் கலந்த கூழ் ஊட்டியபோது மற்றப் பிள்ளைகளைவிட முகம் சுளித்தது குறைவு. அதற்கு முன்னமே, 1991 இல், பால் கொடுக்கும் தாய்மார் உள்ளி சாப்பிட்டால் பாலில் உள்ளி மணக்கும், பிள்ளைகள் அன்றைக்கு முலையில் கூட நேரம் நிற்கும் என்று அவரும் இன்னொருவரும் கண்டிருக்கிறார்கள். எங்கள் ஆச்சிமார் பிள்ளைப்பெற்றவளுக்குச் சரக்கு அரைத்து, உள்ளியை அள்ளிப் போட்டுக் கறி வைப்பது என்றைக்கோ தொடங்கிய பழக்கம். பிலடெல்பியாவுக்கு அது பிந்தித்தான் தெரிந்திருக்கிறது.

ஆகவே அக்காவுக்குச் சொல்லுங்கள்: நாக்கு இனிப்பில் நிற்பதற்குச் சீனி வருத்தம் தேவையில்லை, எல்லாப் பிள்ளையும் இனிப்பை விரும்பித்தான் பிறக்கிறது. முருங்கையிலையும் பாகற்காயும்தான் பழக்க வேண்டியவை. அதற்கான முதல் பாடம் உங்கள் வயிற்றுக்குள் இப்போதே நடக்கிறது. சீனி வந்ததால் உங்கள் கோப்பையில் மரக்கறி கூடப் போகிறது என்றால், இந்தப் பிள்ளைக்கு மூத்தவளைவிட அதிகம் ருசி தெரிந்திருக்கும்.

ஆலாய்ப் பறப்பது? பிள்ளையின் பசி பெருமளவு பரம்பரையோடு வருவது. 2007 இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த இரட்டையர்களைத் தொடர்ந்து பார்த்ததில், பால் மட்டும் குடிக்கும் வயதிலேயே ஒன்று அவசரக்காரனாகவும் ஒன்று ஆறுதலாகக் குடிப்பதாகவும் இருப்பதில் மரபணுவின் கை பெரிது என்று தெரிந்தது. ஆகவே எல்லாப் பழியையும் உங்கள் புட்டின் தலையில் போட முடியாது. சீனி கட்டுப்படாத கர்ப்பத்தில் பிறந்த பிள்ளைகள் பிற்காலத்தில் பருமனாகும் சாத்தியம் கூட என்பதும் உண்மை. அதற்கு மருந்து, பிள்ளை போதும் என்று முகத்தைத் திருப்பும்போது கரண்டியைக் கீழே வைப்பது. மாமிக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும்.

சரி, சாப்பாட்டுக் கோப்பைக்கு வருவோம். அதைப் பாதியாக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. உள்ளே இருப்பவை இடம் மாற வேண்டும். பாதிக் கோப்பை மரக்கறியும் இலையும், கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, கால் பங்கு சோறு. தம்பலகாமத்துச் சிவப்புப் பச்சையரிசி என்றாலும் கால் பங்குதான். குரக்கன் புட்டைப் பலர் மருந்து மாதிரி நினைத்து ஒரு நீத்துப்பெட்டி நிறையச் சாப்பிடுகிறார்கள். குரக்கனும் மாச்சத்துத்தான், கொஞ்சம் ஆறுதலாக ஏறும், அவ்வளவே. பனங்கட்டியும் சீனியின் ஒன்றுவிட்ட தங்கச்சிதான். மூதூர்த் தயிரைப் பாணி ஊற்றாமல் சாப்பிடுங்கள், நல்லது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் ஒரு கன்னம் சாப்பிடலாம், சாறு பிழிந்து குடிக்க வேண்டாம்.

புட்டுக்கு ஒரு தனிக் குறிப்பு. காலையில் கர்ப்பிணியின் உடம்பு இன்சுலினுக்கு அடங்குவது குறைவு. மத்தியானம் 125 காட்டும் அதே அளவு புட்டு காலையில் 160 காட்டலாம். புட்டு வேண்டுமென்றால் மத்தியானத்துக்குத் தள்ளுங்கள். வாழைப்பழமும் சீனியும் பிசைவதை விட்டுவிட்டு, ஒரு கைப்பிடிப் புட்டுக்கு ஒரு அகப்பை சூடைமீன் குழம்பும் முருங்கையிலை வறையும். காலைக்கு அவித்த முட்டையோடு இரண்டு மூன்று இடியப்பம், சம்பல், அல்லது அவித்த கௌபியோ கடலையோ. தேத்தண்ணி சீனியில்லாமல், அதையும் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் இரும்புச்சத்து வீணாகாது. கிளினிக்கில் திரிபோசாச் சத்துமா தந்தால் சீனி போட்டு உருண்டை பிடிக்க வேண்டாம், தேங்காய்ப்பூவோடு பிசையுங்கள். அதையும் மாச்சத்துக் கணக்கில் சேருங்கள். மீன் நிறையச் சாப்பிடுங்கள், சின்ன மீனாக: சூடை, சாளை, நெத்தலி, கும்புளா. பெரிய சுறாவும் கொப்பரனும் பாதரசம் சேர்ப்பவை, இப்போது வேண்டாம். பிள்ளை பிறந்த பிறகு சுறாப்புட்டுத் தந்தால்தான் பால் ஊறும் என்று மாமி நிற்பா. பாலை ஊற வைப்பது பிள்ளையின் உறிஞ்சல். சுறாவின் இடத்தில் சூடையை வைத்தாலும் பால் ஊறும்.

சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் நடவுங்கள். உட்துறைமுக வீதிப் பக்கம் பின்னேரக் காற்றில் ஒரு சின்ன நடை, இறங்கிப் போய் ஏறி வருவது மூச்சு வாங்கினால் முற்றத்திலேயே. டொக்டர் நடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மட்டும் இது உங்களுக்கில்லை. வழக்கமான இலக்கு (mg/dL கணக்கில்): வெறும் வயிற்றில் 95 இற்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் 140 இற்குக் கீழ், இரண்டு மணித்தியாலத்தில் 120 இற்குக் கீழ். உங்கள் கிளினிக் வேறு எண் சொன்னால் அதுதான் உங்களுக்கு. ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் தாண்டினால் மருந்து தருவார்கள், அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். பிறந்து ஆறாம் கிழமை மறுபடி குளூக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சீனி வருத்தம் நிரந்தரமாக வருகிறதா என்பதை அங்கேதான் பிடிக்கலாம்.

மூத்தவளின் பிஸ்கற்றுக்கு நீங்கள் குற்றவாளி இல்லை. புதிய கறியை நாலு வயதுப் பிள்ளை ஒப்புக்கொள்ள எட்டு, பத்து, பதினைந்து தரம்கூட வைக்க வேண்டி வரும். நாங்கள் மூன்றாம் தரத்தில் "இவளுக்குப் பிடிக்காது" என்று எழுதி ஒட்டிவிடுகிறோம். உங்கள் கோப்பையிலிருந்தே ஒரு துண்டு பூசணியை அவள் கோப்பை ஓரத்தில் வையுங்கள். சாப்பிடு என்று சொல்லாதீர்கள். நீங்கள் சாப்பிடுவதை அவள் பார்க்கட்டும். பிஸ்கற் டின் அலமாரியின் மேல்தட்டுக்குப் போகட்டும். சின்னவருக்கு ஆறு மாதம் முடிந்து சோறு தொடங்கும்போது சீனியும் உப்பும் சேர்க்காமல் தொடங்குங்கள், மூத்தவளும் பக்கத்தில் இருந்து அதே பருப்பைச் சாப்பிடட்டும்.

கடைசியாக ஆடிக்கூழ். குடியுங்கள். வருசத்தில் ஒரு நாள், அதையும் மறித்தால் மாமியோடு நானும் சண்டைக்கு வருவேன். பயறு கூடப் போட்டு, பனங்கட்டியைப் பாதியாக்கிக் காய்ச்சச் சொல்லுங்கள். தேத்தண்ணிக் கோப்பையில் அரைவாசிக் கூழ், ஒரு கொழுக்கட்டை. காலைச் சாப்பாட்டோடு வேண்டாம். மத்தியானம் மீனும் வறையும் சாப்பிட்டு, சோற்றை விட்டு, அந்த இடத்தில் கூழைக் குடியுங்கள். முற்றத்தில் நாலு சுற்று நடந்துவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் விரலில் குத்திப் பார்த்து, வந்த எண்ணைக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் "ஆடிக்கூழ்" என்றும் எழுதி வையுங்கள். அடுத்த கிளினிக்கில் கேட்பார்கள்.