குழந்தைகள் பிரிவை எந்த வயதுக் குழந்தைக்காக அமைப்பது?

மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை எல்லா வயதினருக்கும் ஏற்றபடி எப்படி அமைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீலகிரியில் குழந்தைகள் பிரிவொன்றில் 19 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் பிரிவைப் புதுப்பித்தபோது, சுவரில் முயலும் மானும் வரைந்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். அவை பெரியவர்களின் கண் உயரத்தில் இருந்தன. நான்கு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால், அதன் கண்ணுக்கு நேரே இருந்தது முயலின் காலடிப் புல் மட்டுமே; ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி போகும் பிள்ளைக்கோ கூரையின் டியூப்லைட் வரிசையைத் தவிர வேறொன்றும் இல்லை.

கைக்குழந்தைக்கு வேண்டியது அம்மாவின் அருகாமை. பெற்றோர் நேரக் கட்டுப்பாடின்றி வந்து பார்க்கவும், சிறு குழந்தைகளோடு தாய் தங்கவும் வழி செய்ய வேண்டும் என்று மருத்துவமனையில் குழந்தைகளின் நலன் பற்றிய பிரிட்டனின் பிளாட் அறிக்கை 1959இலேயே பரிந்துரைத்தது. நம் ஊரில் தாயை யாரும் வெளியே அனுப்புவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஜனவரி இரவில், தேயிலைத் தோட்டத்து வேலை முடிந்து வந்த தாய், கட்டிலுக்கு அடியில் சிமெண்டுத் தரையில் ஒரு சால்வையை விரித்துப் படுப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆகவே மலையில் முதல் செலவு, பனிக்காற்று புகாத சன்னலுக்கும், மடியில் குழந்தையோடு சாய்ந்து உறங்கக்கூடிய நாற்காலிக்கும், தவழும் பிள்ளையின் கைக்கு எட்டாமல் சுவரில் பொருத்திய ஹீட்டருக்கும் போக வேண்டும்.

இரண்டு முதல் ஏழெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு, ஊசி போடவும் கட்டு மாற்றவும் தனி அறை அவசியம். கட்டிலிலேயே ஊசி போட்டுப் பழக்கினால், செவிலியர் போர்வையைச் சரிசெய்ய வந்தாலும் பிள்ளை வீரிட்டு அழும்.

பெரும்பாலும் மறக்கப்படுபவர்கள் பதின்வயதினர். இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 18 வயதுக்கு உட்பட்டோரைக் குழந்தைகள் என்கிறது. நடைமுறையிலோ பல மருத்துவமனைகளில் 12 வயதைத் தாண்டியவர்களைப் பெரியவர்களின் வார்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒருமுறை அங்கே இடமில்லாமல் 14 வயதுப் பெண்ணொருத்தி எங்களிடம் வந்தாள். கட்டிலின் கம்பிக்கு வெளியே அவள் பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மருத்துவர் சுற்று வரும்போதெல்லாம் போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். மாதவிடாய் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு, பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாத்தா காதில் விழுமே என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அன்று மாலை, துவைத்து வைத்திருந்த இரண்டு படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து, அவள் கட்டிலைச் சுற்றிக் கயிற்றில் தொங்கவிட்டோம். அதற்குப் பிறகுதான், மூன்று நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த வயிற்றுவலியை என்னிடம் சொன்னாள்.